கடல் வளைந்து தெரிகிறதா? சிறிய அக்ஷன் கமராக்களின் அகலக்கோணத் திரிபைக் குறி பார்த்து நீக்கும் முறை

திருகோணமலையில் அக்ஷன் கமரா வாங்கியவர் முதலில் எடுப்பது கடலை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலோ, உப்புவெளிக் கரையிலோ எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபின் சொல்லும் முதல் முறைப்பாடும் கடலைப் பற்றியதே. படகுச் சவாரி நடத்துபவர்களுக்கும் கலியாண வீட்டாருக்கும் நான் காணொளி தொகுத்துக் கொடுத்து வருகிறேன். கோப்பைக் கொண்டுவரும் எல்லோரும் "வளைஞ்சு போச்சு" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன என்பதும், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் கூடுகிறது என்பதும் பல இரவுகளை வீணாக்கிய பின்னரே எனக்கு விளங்கியது. ஆகவே இங்கே காரணத்திலிருந்து தொடங்காமல், திரையில் கண்ணுக்குத் தெரியும் குறியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒரு சுவர்

எந்தத் திருத்தத்தையும் தொடுவதற்கு முன்னர், மாபிள் பதித்த ஒரு சுவரையோ கதவு நிலையையோ கமராவால் நேர் எதிரே நின்று எடுத்துப் பாருங்கள். படத்தின் நடுப்புள்ளியூடாகச் செல்லும் கோடு நேராகவும், ஓரத்துக் கோடுகள் வெளிப்பக்கம் புடைத்தும் இருந்தால், அது வில்லைக்கே உரிய பீப்பாய்த் திரிபு. ஓரத்துக் கோடுகள் நடுவை நோக்கி உள்ளே ஒடுங்கியிருந்தால், எங்கோ தேவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது. இதற்கு ஊசிமெத்தைத் திரிபு என்று பெயர். கோடுகள் எல்லாம் நேராகவே இருந்து, ஆனால் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால், குற்றம் வில்லையில் இல்லை, கமராவைப் பிடித்த சாய்வில் இருக்கிறது. அசையாத கமராவில் நேராக இருக்கும் கோடு, வண்டியில் போகும்போது மட்டும் சாய்ந்தோ நெளிந்தோ தெரிந்தால், அது கமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லான உணரி படத்தை வாசிக்கும் வேகத்தைச் சேர்ந்த விடயம்.

அடிவானம் ஒரு நேரம் வில்லாகவும் ஒரு நேரம் கிண்ணமாகவும் தெரிகிறது

திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் நெஞ்சில் கட்டி எடுத்த காணொளியில் இதைத் தெளிவாகக் காணலாம். படகின் முன்பக்கம் தாழும்போது அடிவானம் படத்தின் மேற்பாதிக்குப் போய், நடு உயர்ந்து இரு முனையும் தாழ்ந்த வில்லாகிறது. முன்பக்கம் எழும்போது கீழ்ப்பாதிக்கு வந்து, முனைகள் உயர்ந்த கிண்ணமாகிறது. ஒவ்வோர் அலைக்கும் கடல் மாறிமாறி நெளிவதால் பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. பூமி உருண்டை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு; அதே பூமி அடுத்த நொடியில் கிண்ணமாவது ஏன் என்று கேட்டபின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காரணம் இதுதான். அகலக்கோண வில்லை நடுவிலிருந்து விலக விலக உருப்பெருக்கத்தைக் குறைக்கிறது. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் வில்லையில், ஒரு புள்ளி படத்தின் நடுவிலிருந்து விழும் தூரம் கோணத்தின் தான்சனுக்கு விகிதசமமாக இருக்கும். இந்தக் கமராக்களில் உள்ளதுபோன்ற, மிக அகலமாகப் பார்க்கும் மீன்கண் வகை வில்லையிலோ அது ஏறத்தாழக் கோணத்துக்கே விகிதசமமாக இருக்கும். நடுவிலிருந்து 60 பாகை விலகிய புள்ளியை முதலாவது வில்லை 1.73 என்ற தூரத்தில் வைத்தால், இரண்டாவது 1.05 இல் வைக்கிறது. இவ்வாறு முனைகள் நடுவை நோக்கி இழுபடுவதால், நடுவுக்கு மேலே கிடக்கும் கோடு மேல்நோக்கியும் கீழே கிடக்கும் கோடு கீழ்நோக்கியும் புடைக்கிறது. சரியாக நடுவில் கிடக்கும் கோட்டுக்கு எதுவும் நேர்வதில்லை.

ஆகவே செலவில்லாத மருந்து, அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைத்து எடுப்பது. நெஞ்சுப் பட்டியில் கமரா இயல்பாகவே கீழ்நோக்கும் என்பதால், கரையில் நிற்கும்போதே கழுத்தை நிமிர்த்துவதுபோல் அதைச் சற்று மேலே திருப்பி இறுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மருந்து கமராவின் பார்வைப் புல அமைப்பு. கோப்ரோவில் லீனியர் என்றும், டிஜேஐ கமராக்களில் திரிபு நீக்கம் என்ற பொருளுடைய டீவார்ப் என்றும் இது வரும். கமரா தன் வில்லையின் திரிபை அறிந்திருப்பதால், ஓரங்களை வெளியே இழுத்து நேராக்கி, மிஞ்சியதை வெட்டிவிடும். பட்டியலில் லீனியரே காணவில்லை என்றால் கமரா பழுதென்று எண்ண வேண்டாம். பழைய மாதிரிகளில் அது எல்லாத் தெளிவுத்திறனிலும் கிடைக்காது. 2016 இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 பிளாக்கில் 4கே இல் லீனியர் இல்லை, 2.7கே க்கு இறங்கினால் உண்டு.

லீனியரில் போட்டதும் ஓரத்தில் நிற்பவர் பருத்துவிட்டார்

டச் பே கடற்கரையில் எடுத்த ஒரு கலியாணக் குழுப்படத்தில், வரிசையின் கடைசியில் நின்ற மாமி அதைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். கமரா பொய் சொல்லவில்லை. லீனியர் கேட்டதைச் செய்தது. தோடம்பழத் தோலை மேசையில் தட்டையாக விரித்தால், எங்காவது கிழிய வேண்டும் அல்லது இழுபட வேண்டும். அகன்ற காட்சியைத் தட்டையான படத்தில் விரிக்கும்போதும் இதே கதைதான்: கோடு நேராக இருக்க வேண்டுமென்றால் ஓரத்து உருவம் இழுபடும், உருவம் கெடக்கூடாதென்றால் கோடு வளையும். நேர்க்கோட்டுப் படத்தில், நடுவிலிருந்து 30 பாகை விலகி நிற்கும் முகம் பக்கவாட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் அகன்று தெரியும். 45 பாகையில் அது 41 சதவீதமாகிறது. எனவே லீனியரை ஏற்றிவிட்டால் மனிதரை நடுவில் நிறுத்துங்கள், அல்லது நாலு அடி பின்வாங்கி எடுத்துப் பின்னர் வெட்டுங்கள். சுவரோ தூணோ இல்லாத வெறுங்கடற்கரையில், திரிபை நீக்காத அகலப் பார்வையான வைட் அமைப்பிலேயே விடுவதுதான் என் விருப்பம். நேராக இருக்க வேண்டிய கோடு அங்கே அடிவானம் ஒன்றே. அதை நடுவில் வைத்தால் வேலை முடிந்தது.

சுப்பர்வியூ என்ற அமைப்பில் இந்தப் பருமன் வேறு விதமாக வருகிறது. அது 4க்கு 3 என்ற உயரமான படத்தை 16க்கு 9 ஆக இழுக்கிறது. நடுவைக் குறைவாகவும் ஓரங்களைக் கூடுதலாகவும் இழுக்கிறது. கமராவைத் திருப்பும்போது ஒரே மனிதர் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் பருத்தும் தோன்றினால், அமைப்பு சுப்பர்வியூவில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வில்லைத் திருத்தம் இதைச் சரிசெய்யாது, ஏனெனில் இந்த இழுப்பு வில்லையால் வந்ததன்று. கடலில் வேகம் காட்ட அது நல்லது. ஆட்களை எடுக்க வேண்டாம்.

மூக்குப் பெரிதாகத் தெரிகிறது

இது வில்லைத் திரிபே அன்று. கையில் நீட்டிப் பிடித்த கமராவுக்கும் மூக்குக்கும் 30 சென்ரிமீற்றர் என்றும், காது அதற்கு 12 சென்ரிமீற்றர் பின்னால் என்றும் வைத்துக்கொண்டால், மூக்கு காதைவிட 1.4 மடங்கு பெரிதாக வரையப்படும். ஒரு தடியில் பொருத்தி 1.2 மீற்றருக்கு விலக்கினால் அந்த விகிதம் 1.1 ஆகிவிடும். எந்த மென்பொருளும் தூரத்தைத் திருத்தித் தராது; தடி வாங்குங்கள்.

கோபுரம் பின்னோக்கிச் சாய்கிறது

பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால், இரு பக்கமும் மேலே ஒடுங்கி, கோபுரம் பின்னால் விழுவதுபோல் தெரியும். லீனியரைப் போட்டாலும் இது போகாது. கோடுகள் நேராகிவிடும், ஆனால் சாய்ந்தே நிற்கும். கமராவை நிமிர்த்தியதால் வந்த தோற்றக் குறுக்கம் இது. தெருவின் எதிர்ப்பக்கம் போய், கமராவை மட்டமாகப் பிடித்து, கோபுரம் படத்தின் மேற்பாதியில் வருமாறு எடுத்து, கீழே மிஞ்சும் தெருவை வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு இடமிருக்கும் என்பதே அகலக்கோணத்தின் பெரிய பயன்.

புறாத் தீவில் நீருக்குள் எடுத்தது மட்டும் உள்நோக்கி ஒடுங்குகிறது

இந்தக் குறியில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். நிலாவெளிக்கு எதிரே கிடக்கும் புறாத் தீவில் பவளப் பாறைக்கு மேலே மிதந்தபடி ஒரு நாள் முழுவதும் எடுத்தேன். தரையில் லீனியர் நன்றாக வேலை செய்ததால் நீரிலும் அதையே வைத்திருந்தேன். இரவு கணினியில் பார்த்தபோது, நடுவில் அளவாக வந்த கருமுனைச் சுறா ஓரத்துக்குப் போனதும் இழுத்த ரப்பர்போல நீண்டது. கூட மிதந்தவரின் துடுப்புப் பாதங்கள் கைப்பலகை அளவுக்கு வந்தன. திரிபு போதவில்லையோ என்று எண்ணி மென்பொருளில் இன்னும் ஒருமுறை திருத்தினேன், மேலும் கெட்டது.

நடந்தது என்னவென்றால், கமராவின் முன்னுள்ள தட்டைக் கண்ணாடி நீருக்குள் தானே ஒரு வில்லையாகிவிடுகிறது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்ணான முறிவுச்சுட்டி, கடல்நீருக்குச் சுமார் 1.34. கமராவுக்குள் 60 பாகையில் சாய்ந்து வரும் கதிர், நீரில் ஏறத்தாழ 40 பாகையில் வந்த கதிரே. எனவே கரையில் 120 பாகை பார்த்த கமரா, நீரில் 80 பாகைதான் பார்க்கிறது. வைட் என்று வைத்தாலும் மீன்கள் கிட்ட வந்ததுபோல் பெரிதாகத் தெரிவது இதனால்தான்; பொருள் உண்மையான தூரத்தின் நாலில் மூன்று பங்கில் இருப்பதாகத் தோன்றும்.

இந்த முறிவு எல்லாக் கோணத்துக்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஓரத்துக்குப் போகப் போக அது கூடுகிறது. அதாவது தட்டைக் கண்ணாடி தானாகவே ஓரங்களை வெளியே இழுத்து, ஊசிமெத்தைத் திரிபைச் சேர்க்கிறது. வில்லையின் பீப்பாய்த் திரிபோ உள்ளே இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடுவதால், வைட் அமைப்பில் எடுத்த நீரடிக் காட்சி, தரையில் எடுத்ததைவிட இயல்பாகவே நேராக வருகிறது. இதற்கு மேல் லீனியரையும் போட்டால், கமரா காற்றுக்கென்று கணக்கிட்ட திருத்தத்தை நீருக்குள்ளும் ஏற்றுகிறது. ஏற்கெனவே வெளியே இழுபட்டது மறுபடியும் இழுபடுகிறது. ஆகவே விதி எளியது: தட்டைக் கண்ணாடியோடு நீருக்குள் இறங்குமுன் வைட்டுக்கு மாற்றுங்கள், படகில் ஏறியதும் லீனியருக்குத் திரும்புங்கள். ஈரக் கையோடு பட்டியலைத் தேடித் திண்டாடாமல் இருக்க, இரண்டையும் முன்னமைப்புகளாகச் சேமித்து வைக்கலாம்.

லீனியரில் எடுத்து முடிந்துவிட்டது என்றால், தொகுக்கும் மென்பொருளில் வில்லைத் திருத்தத்தை எதிர்த்திசையில் சிறிது தள்ளிப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் அளவுகோலைச் சுழியத்துக்கு மறுபக்கம் நகர்த்தினால் பீப்பாய்த் தன்மை சேரும். நீரில் நேர்க்கோடு அரிது என்பதால் எதைப் பார்த்து அளவிடுவது என்ற கேள்வி எழும். நான் நங்கூரக் கயிற்றைப் பார்ப்பேன், இறுகி நிற்கும் கயிறு நேரானது. ஓரத்தில் நீலமும் சிவப்புமாய்ப் பிரியும் நிறக்கரை இதனால் போகாது, ஏனெனில் தட்டைக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் முறிக்கிறது. குவிமாடக் கண்ணாடி பொருத்திய கூடு இந்த இரண்டு குறையையும் பெரிதும் தவிர்க்கும். கதிர் அதன் பரப்பில் ஏறத்தாழச் செங்குத்தாக விழுவதால் அதிகம் வளையாது. அப்படிப்பட்ட கூடு போட்டால் கமரா தரையில் நடப்பதைப் போலவே நடக்கும், லீனியரையும் பயன்படுத்தலாம்.

மீன்கண் பார்வை என்ற பெயரே நீரிலிருந்து வந்ததுதான். 1906 இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், நீரடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிவதை ஆராய்ந்து அந்தப் பெயரை இட்டார். மீன் பார்க்கும்போது 180 பாகை வானம் 97 பாகைக்குள் ஒடுங்குகிறது. நமது கமராவோ காற்றுக்குள் அடைபட்டு நீரைப் பார்ப்பதால் கணக்கு மறுபக்கம் திரும்பிவிடுகிறது.

பாலத்தின் தூண்கள் சாய்கின்றன, படகின் விளிம்பு நெளிகிறது

2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது பக்கவாட்டில் எடுத்தால், அருகிலுள்ள கைப்பிடித் தூண்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். உணரி படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால், மேல் வரி வாசித்து முடிந்து கீழ் வரிக்கு வருவதற்குள் தூண் நகர்ந்துவிடுகிறது. வில்லைத் திருத்தம் இதைத் தொடாது. ஒளித்திறப்பு நேரத்தைக் குறைத்தாலும் சாய்வு குறையாது. சாய்வைத் தீர்மானிப்பது வாசிப்பு நேரம். முன்னோக்கி எடுங்கள், அல்லது தூரத்திலுள்ளதை எடுங்கள்.

படகு இஞ்சினின் அதிர்வும் இதே வழியாக நுழைந்து, படம் முழுவதையும் களி ஆடுவதுபோல் ஆக்கும். நீண்ட பொருத்துகையைக் கழற்றிவிட்டு, கமராவைப் பலகையோடு குறுகலாகப் பிணைத்து, இடையில் தடித்த ரப்பர்த் துண்டு ஒன்று வையுங்கள். பழைய சைக்கிள் டியூப் போதும்.

தொகுத்த பிறகுதான் மூலைகள் நீந்துகின்றன

திரிபுள்ள காட்சியின் ஆட்டத்தை நீக்க அதை அப்படியே மென்பொருளில் நிலைப்படுத்தினால், நடு அசையாமல் நின்று, மூலைகள் மட்டும் நீரில் மிதப்பதுபோல் நெளியும். ஓரத்துக்கும் நடுவுக்கும் உருப்பெருக்கம் வேறாக இருக்கையில், படம் முழுவதையும் ஒரே அளவில் நகர்த்துவதால் வரும் வினை இது. முதலில் வில்லைத் திருத்தம், பிறகு நிலைப்படுத்தல், கடைசியில் வெட்டல் என்பதே ஒழுங்கு. குறிப்பாக, நின்ற வடிவக் காணொளிக்காக ஒரு பக்கத்தை முதலில் வெட்டிவிட்டுப் பின்னர் திருத்தப் புகுந்தால், மென்பொருள் வெட்டிய படத்தின் நடுவையே வில்லையின் நடுவென்று எண்ணித் தவறாக வளைக்கும்.

கமராவே நிலைப்படுத்திய கோப்பிலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. சட்டத்தைக் கமரா கணத்துக்குக் கணம் நகர்த்தியிருப்பதால், படத்தின் நடுவும் வில்லையின் நடுவும் பொருந்தியிருக்காது. ஆகவே வைட்டில் நிலைப்படுத்தி எடுத்ததற்குப் பிறகு போடும் திருத்தம் ஒருபோதும் முழுதாக ஒட்டாது. நேர்த்தியாக வேண்டுமென்றால் கமராவின் நிலைப்படுத்தலை அணைத்துவிட்டு எடுத்து, கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். அது கமரா கோப்பில் எழுதிவைத்த சுழற்சித் தரவைப் படித்து, மாதிரிக்குரிய வில்லை விவரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஹீரோ 5 முதல் கோப்ரோக்கள் அந்தத் தரவை எழுதுகின்றன. கமராவில் ஒருமுறை லீனியர், மென்பொருளில் ஒருமுறை திருத்தம் என்று இரட்டிப்பாகப் போடுவதுதான் என் மேசைக்கு அதிகம் வரும் தவறு. சுவர்ச் சோதனையில் கோடுகள் உள்ளே ஒடுங்கினால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருக்கிறது

கமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை மறுபடி எடுங்கள். மங்கலோ வளைவோ கமராவோடு சேர்ந்து மறுபக்கத்துக்குப் போனால், வில்லை தன் அச்சிலிருந்து விலகியிருக்கிறது. பாறையில் விழுந்த கமராக்களுக்கு இது வரும். வீட்டில் திருத்த முடியாது. குறை சுவரின் அதே பக்கத்தில் நின்றால், நீங்கள் சுவருக்கு நேரே நிற்கவில்லை. மூலைகள் வெறுமனே கறுத்திருந்தால் வடிகட்டியையோ கூட்டையோ கழற்றிப் பாருங்கள்.

மலிவான கமராவில் லீனியரே இல்லை

பெட்டியில் 170 பாகை என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்த கணக்கு. மீன்கண் வகை வில்லையில் 16க்கு 9 படத்துக்கு அது கிடைமட்டத்தில் 148 பாகையளவே வரும். உண்மையை அறிய, சுவரிலிருந்து சரியாக ஒரு மீற்றர் தூரத்தில் கமராவை வைத்து, படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை தெரியும் சுவரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 2.86 மீற்றர் என்றால் 110 பாகை, 3.46 மீற்றர் என்றால் 120 பாகை.

பிறகு வில்லையின் திரிபை நீங்களே அளக்கலாம். சதுரங்கப் பலகைபோன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களை அச்சிட்டு, சுருக்கமில்லாமல் ஒரு கண்ணாடியில் ஒட்டி, பதினைந்து இருபது கோணங்களில் எடுங்கள். கட்டங்கள் படத்தின் மூலைகளையும் தொடும்படி சில படங்கள் இருக்க வேண்டும், ஏனெனில் திரிபு அங்கேதான் குடியிருக்கிறது. ஓபன்சீவி என்ற இலவச நிரல்தொகுப்பு அவற்றிலிருந்து திரிபுக் குணகங்களைக் கணக்கிட்டுத் தரும். அதில் மீன்கண் வில்லைக்கென்று தனிப் பகுதி உண்டு, இந்தக் கமராக்களுக்கு அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவர்கள், மாபிள் சுவர்ப் படத்தை வைத்துக்கொண்டு, தொகுக்கும் மென்பொருளின் அளவுகோலை ஓரத்துக் கோடு நேராகும்வரை நகர்த்தி, கிடைத்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு தெளிவுத்திறனுக்கும் அந்த எண் மாறலாம் என்பதால், என் கமராவின் அடிப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, 1080க்கு ஓர் எண், 4கே க்கு ஓர் எண், நீருக்கு ஒரு சுழியம் என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.